நாலாவது கொடி

அண்ணே, அண்ணே, அந்தக் கட்டரைக் கீழே வைங்க. வெட்டாதீங்கன்னு சொல்லலை. கொஞ்சம் பொறுத்து வெட்டுங்கன்னுதான் சொல்றேன். லிஃப்ட் ஓடலை, அத்தனை படியும் ஏறி வந்திருக்கீங்க, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. இப்படித் தண்ணித் தொட்டி நிழல்ல உக்காருங்க. மோர் கொண்டாந்திருக்கேன். உப்பு போட்டிருக்கு, பெருங்காயம் போட்டிருக்கு. குடிச்சுக்கிட்டே கேளுங்க.

நீங்க எலக்ட்ரீஷியன் அருளப்பன் அண்ணன்தானே? உங்களை வரச் சொன்னது எங்க பொருளாளர் ஆன்ட்டிதானே? "ஏனுங் தம்பி, மொட்டை மாடில நாலு துணிக்கொடி இருக்குதுங். நாலாவது தண்டத்துக்குக் கெடக்குது. அதையக் கத்திரிச்சுப் போட்டுட்டு வந்துருங், அப்படியே நம்ம வீட்டு ஃபேனையும் ஒரு பார்வை பாத்துருங்." இப்படித்தானே சொன்னாங்க? ஃபேன் வேலைக்குக் காசு தர மாட்டாங்க, அது உங்களுக்கும் தெரியும். ஏன் சிரிக்கிறீங்க? அப்படியே இருக்கா? அவங்க ஈரோட்டுக்காரங்க. திருச்சிக்கு வந்து இருபது வருஷம் ஆச்சாம், ஆனா நாக்கு இன்னும் பவானியைத் தாண்டலை. ரொம்ப சுலபம். மூக்கைக் கொஞ்சம் அடைச்சுக்கிட்டு, யாரோ நம்ம எலுமிச்சம்பழத்தைத் திருடிட்டுப் போறான்னு நினைச்சுக்கிட்டுப் பேசணும். புனிதவதி ஆன்ட்டி வந்துருவாங்க.

நான் மாதங்கி. இதோ, இதுக்கு நேர் கீழே மூணாவது மாடி. பிளஸ் டூ போகப் போறேன். எனக்குக் குரல் வரும்ணே. இந்தக் கட்டடத்துல எந்தக் குரல் வேணும், சொல்லுங்க. எங்க கெமிஸ்ட்ரி மிஸ் வேணுமா? எங்கம்மா வேணுமா? வாட்ச்மேன் சந்தனம் வேணுமா? சந்தனம் போரடிக்கும். "எனக்கென்னம்மா தெரியும்." அவ்வளவுதான் அவரு. கேட் திறந்திருந்தாலும் அதான், மூடியிருந்தாலும் அதான்.

சரி சரி, விஷயத்துக்கு வரேன், கட்டரை எடுக்காதீங்க.

அது கொடி இல்லைண்ணே.

நல்லாப் பாருங்க. மத்த மூணும் நைலான் கயிறு. இது மட்டும் பச்சை பிளாஸ்டிக் போட்ட கம்பி. அந்த மூலைத் தூண்லேர்ந்து இந்த மூலைத் தூண் வரைக்கும் குறுக்கால போகுது, அறுபத்தாறு அடி. துணி காயப்போட யாராவது குறுக்கால கட்டுவாங்களா? இந்தப் பக்கம் தொங்குது பாருங்க கிளிப் டப்பா. சோப்பு டப்பா மாதிரி இருக்கா? சோப்பு டப்பாவேதான். மேலாக்க நாலு கிளிப்பைச் சும்மா மாட்டி வெச்சிருக்கேன். உள்ளே ஒரு கறுப்பு வளையம், அதுல செம்புக் கம்பி சுத்தியிருக்கு. டப்பாவோட அடிலேர்ந்து ஒரு கறுப்புக் கேபிள் மழைத்தண்ணிக் குழாய்க்குப் பின்னால ஒளிஞ்சு இறங்கி எங்க வீட்டு ஜன்னலுக்குள்ள போகுது. சுவத்துக் கலர்லயே பெயின்ட் அடிச்சு வெச்சேன். நீங்க எலக்ட்ரீஷியன், உங்க கண்ணுக்கே படலை பாத்தீங்களா?

ஏரியல்ணே. என் ஏரியல்.

அமெச்சூர் ரேடியோ, கேள்விப்பட்டிருக்கீங்களா? ஹாம்னு சொல்வாங்க. திருட்டு வேலை இல்லை. பரீட்சை எழுதி பாஸ் பண்ணி லைசன்ஸ் வாங்கியிருக்கேன். அஞ்சு வாட் செட்டு, நானே கிட் வாங்கி சால்டர் வெச்சது. உங்க பாத்ரூம் பல்பைவிடக் கம்மி கரன்ட்டு. அதை வெச்சுக்கிட்டு கொல்லத்துல இருக்கறவரோட பேசுவேன், மைசூர்ல இருக்கறவரோட பேசுவேன். நடுவுல டவர் கிடையாது, சிம் கிடையாது. இந்தப் பச்சைக் கம்பியும் ஆகாசமும்தான்.

அப்ப ஏன் ஒளிச்சு வெச்சேன்னு கேக்கறீங்க. எங்க அசோசியேஷன் விதி அப்படி. "மொட்டை மாடியில் டிஷ், ஏரியல், புறாக்கூண்டு ஆகியவை அனுமதிக்கப்பட மாட்டா." நாங்க வாடகைக்கு இருக்கோம்ணே. ஓனர் மஸ்கட்ல. ஒரு புகார் போனாப் போதும், வீட்டைக் காலி பண்ணுங்கன்னு ஒரே வரியில வாட்ஸ்அப் அனுப்பிடுவாரு. போன வீட்டுல அப்படித்தான் காலி பண்ணினோம். என் தங்கச்சி ரோகிணி நாய்க்குட்டி கொண்டாந்ததுக்கு. அதனால அம்மா எங்கிட்ட சொல்லிட்டாங்க. எங்கம்மா குரல் கேளுங்க. "இதோ பாரு மாதங்கி, உன் கம்பியால நம்ம தட்டுமுட்டெல்லாம் மறுபடி லாரியில ஏறிச்சுன்னா, உன்னையும் லாரியிலயே விட்டுருவேன்." எங்கம்மாவுக்குக் கோபம் வந்தாக் குரல் இறங்கும், ஏறாது. அதுதான் அதுல கஷ்டம்.

செகரெட்டரிகிட்ட அனுமதி கேட்டிருக்கலாமேன்னு சொல்ல வரீங்க. அவருகிட்டயா!

அண்ணே, தேசிகாமணி சாரை நீங்க பாத்திருப்பீங்க. கீழே தரை வீடு. முழங்கால் ரெண்டும் போச்சு, அதனால லிஃப்ட் ஓடற நாள்ல மட்டும் மேலே வருவாரு. குரல் கீச்சுன்னு இருக்கும், பால் குக்கர் கூவற மாதிரி. எனக்கே அவர் குரல்தான் எல்லாத்தையும்விட நல்லா வரும். எதையும் ரெண்டு தடவை சொல்வாரு. "ஹலோ, ஹலோ. செகரெட்டரி பேசறேன். கவனிங்க, கவனிங்க. மோட்டார் ஆறு மணிக்குப் போடப்படும். ரிப்பீட், ஆறு மணிக்கு." ஏண்ணே, ஆறு மணின்னா ஒரு தடவை சொன்னாப் புரியாதா? பேசாம இருந்தாலும் கை சும்மா இருக்காது. லிஃப்ட் கம்பியில, மேஜையில, நாற்காலிக் கையில, எங்கயாவது விரலால தட்டிக்கிட்டே இருப்பாரு. நரம்புத் தளர்ச்சி, பாவம். டக் டக், டக்கு, டக். அதுகூட எனக்கு வரும். லிஃப்ட்ல என்னைப் பாத்தா எப்பவும் ஒரே மாதிரி தட்டுவாரு. நானும் பதிலுக்கு அப்படியே தட்டிக் காட்டுவேன், கிண்டலுக்கு. அந்த மனுஷனுக்குக் கிண்டல்னுகூடப் புரியாதுண்ணே. மூஞ்சி அப்படி மலர்ந்துபோகும்!

உடனே ஆரம்பிப்பாரு. "நான் சர்வீஸ்ல இருந்தப்போ..."

அவ்வளவுதான். அதுக்குள்ள எங்க மாடி வந்துரும், நான் குதிச்சு ஓடிருவேன். நான் மட்டும் இல்லை, இந்தக் கட்டடத்துல எல்லாருமே அப்படித்தான். அவரு 'நான் சர்வீஸ்ல'ன்னு வாயைத் திறந்தா ஒருத்தருக்கு அடுப்புல பால் இருக்கும், ஒருத்தருக்கு ஃபோன் வரும். மீட்டிங்ல அவரு வர்றதுக்கு முன்னால நான் அந்த ஒரு வரியைச் சொல்லிக் காட்டினா ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். "நான் சர்வீஸ்ல இருந்தப்போ..." அந்த 'போ'வை ஒரு இழு இழுக்கணும், கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பணும். எந்த சர்வீஸா? எனக்கென்ன தெரியும். சந்தனம் மாதிரி சொல்றேனா? நிஜமாவே தெரியாதுண்ணே. ஏதாவது ரேஷன் கடை சர்வீஸா இருக்கும்.

இப்பக் கதைக்கு வரேன்.

பரீட்சை முடிஞ்ச மறுநாள் இதைக் கட்டினேன். கையில அம்மா நைட்டி நாலு, வாயில கிளிப்பு. யாராவது வந்தா துணி காயப்போடற மாதிரி பாவலா. ரெண்டு பக்கமும் கம்பி தூணைத் தொடக் கூடாது, நடுவுல பிளாஸ்டிக் வேணும். ரெண்டு பழைய டூத்பிரஷ்ஷை உடைச்சுக் காம்பைக் கட்டினேன். அப்பா தேடினாரு. கிடைக்கலை.

முதல் நாள் கீழே போய் உக்காந்து மைக்கை அழுத்தினேன். அண்ணே, அப்ப ஒரு சிக்கல் தெரிஞ்சுது. ரேடியோவில வேற ஆள் மாதிரி பேசக் கூடாது, சட்டம். லைசன்ஸ்ல நமக்குக் குடுத்த அடையாள எழுத்தை, கால் சைனை, சொல்லிட்டு நம்ம குரல்லயே பேசணும். எனக்கு என் குரல் எதுன்னு ஒரு நிமிஷம் மறந்துபோச்சு! நியூஸ் வாசிக்கிற அம்மா மாதிரி ஆரம்பிச்சேன். கோட்டயத்துலேர்ந்து தாமஸ் அங்கிள்னு ஒருத்தர் பதில் சொன்னாரு. "மோளே, சிக்னல் நல்லா இருக்கு. பக்ஷே, யாரையோ பாத்து வாசிக்கற மாதிரி இருக்கே. சும்மா பேசு மோளே." அசிங்கமாப் போச்சு. அப்புறம் பழகிட்டேன். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரோல் கால் உண்டு. ஒருத்தர் பேர் கூப்பிடுவாரு, தெற்குச் சீமை முழுக்க ஒவ்வொரு ஊரா உள்ளேன் ஐயா சொல்லும். அங்க என் வயசுப் பொண்ணு நான் ஒருத்திதான். அங்க யாருக்கும் நான் குரல் பண்ணுவேன்னு தெரியாது. சொல்லலை. ஏன்னு தெரியலை, சொல்லத் தோணலை.

இன்னைக்கு அந்த ரோல் கால் நான் எடுக்கணும்ணே. நான்தான் பேர் கூப்பிடணும். முதல் தடவை. தாமஸ் அங்கிள் போன வாரம் எல்லாரும் கேக்கச் சொல்லிட்டாரு, "அடுத்த ஞாயிறு நம்ம திருச்சி மோள்." அஞ்சு மணிக்கு ஊர் ஊரா காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இந்தக் கம்பி இல்லைன்னா நான் எங்க வீட்டு பீரோவோடதான் பேசணும். இப்பப் புரியுதா, ஏன் உங்களுக்கு மோர் குடுத்தேன்னு?

இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

அப்ப, கட்டின ரெண்டாம் நாளு. மைசூர்க்காரர் ஒருத்தரோட பேசிக்கிட்டிருக்கேன். திடீர்னு என் செட்டுல இருக்கற மீட்டர் முள்ளு ஏறுது. கம்பியில ஈரத்துணி பட்டா அப்படித்தான், அனுப்பறது வெளிய போகாம திரும்பி வந்துரும். ஓடி வந்து பாக்கறேன், புனிதவதி ஆன்ட்டி! என் ஏரியல் மேல சொட்டச் சொட்ட ஒரு பெட்ஷீட்! "ஏன் கண்ணு மூச்சு வாங்குது? பொம்பளப் புள்ள இப்படியா தடதடன்னு ஓடியாறது?" மறுநாளு துண்டு. அடுத்த நாளு அவங்க வீட்டுக்காரரோட வேட்டி. அண்ணே, பத்து நாள்ல எனக்கு மீட்டரைப் பாத்தே மேலே என்ன காயுதுன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சு. முள்ளு பாதி ஏறினா வேட்டி. முழுசா ஏறினா பெட்ஷீட். ஏறி ஏறி இறங்கினா காத்துல ஆடற பாவாடை.

ஒரு நாள் நான் பேசிக்கிட்டிருக்கும்போது அவங்க ஈரக் கையோட கம்பி முனையைப் பிடிச்சுட்டாங்க போல. சுருக்குன்னு இருந்திருக்கு. "என்னமோ கடிச்சுப்போட்டுதுங், கட்டெறும்புங்." எறும்புப் பொடி வாங்கியாந்து தூண் முழுக்கக் கொட்டிட்டாங்க! ஆபத்தெல்லாம் இல்லைண்ணே, அஞ்சு வாட்டுதான். ஆனா எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இனிமே ஒருத்தரும் இதைத் தொடக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். அதுக்கு என்ன வழி?

இதோ, லிஃப்ட் மோட்டார் ரூம் வாசல்ல தொங்குதே, இண்டர்காம். எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போகும். யார் கூப்பிடறாங்கன்னு எழுத்து காட்டாது. குரல் மட்டும்தான்.

"ஹலோ, ஹலோ. செகரெட்டரி பேசறேன். கவனிங்க, கவனிங்க. நாலாவது கொடியில் துணி போட வேண்டாம். ரிப்பீட், நாலாவது கொடி." எல்லா வீட்டுக்கும் போட்டேன். எங்க வீட்டுக்கும் போட்டேன்ணே, அப்பதான் சந்தேகம் வராது. எங்கம்மா பவ்யமா "சரிங்க சார், சரிங்க சார்"னாங்க. ரோகிணிக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. அவளுக்கும் கத்துக்குடுத்துட்டேன். அவளுக்கு என்னைவிட மெல்லிசுக் குரலா, தேசிகாமணி சார் அவ வாயில அச்சா வந்து உக்காந்துட்டாரு. சமயத்துல எனக்கே இண்டர்காம்ல கூப்பிட்டு, "பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைக்கவும், ரிப்பீட், உள்ளே"ன்னு ஏமாத்திருக்கா. இப்பவும் கீழேதான் இருக்கா, கழுதை. காவலுக்கு வெச்சிருக்கேன்.

அப்புறம்தான் வேடிக்கை. அடுத்த மீட்டிங்ல புனிதவதி ஆன்ட்டி எந்திரிச்சாங்க. "ஏனுங் சார், நாலாவது கொடில துணி போடக் கூடாதுன்னு இண்டர்காம்ல சொன்னீங்களே, அது எதுக்குங்?" பின்னாடி நாற்காலியில நான் உக்காந்திருக்கேன். தேசிகாமணி சார் முழிக்கிறாரு. ஒவ்வொரு மூஞ்சியா பாக்கறாரு. என் மூஞ்சிகிட்ட வந்து நின்னாரு. மேஜையில ரெண்டு தட்டு தட்டினாரு. அப்புறம் சொல்றாரு, "ஆமாம். நான்தான் சொன்னேன். ரிப்பீட், நான்தான் சொன்னேன்."

அண்ணே, சிரிப்பை அடக்க முடியாம நான் கர்ச்சீப்பைக் கடிச்சுக்கிட்டேன். எப்பேர்ப்பட்ட பெருமை பாருங்க! 'நான் சொல்லலையே'ன்னு ஒத்துக்கிட்டா செகரெட்டரி பதவிக்கு இழுக்கு. சொல்லாததைச் சொன்னேன்னு சத்தியம் பண்றாரு! அதோட விட்டாரா, மறுநாள் காலையில நோட்டீஸ் போர்டுல டைப் அடிச்சு ஒட்டியிருக்காரு. "கொடி எண் நான்கு பராமரிப்பில் உள்ளது. எவரும் தொடவோ துணி உலர்த்தவோ வேண்டாம்." பராமரிப்பாம்! ஒரு கம்பிக்கு என்னண்ணே பராமரிப்பு?

அதுக்கப்புறம் என் ராஜ்ஜியம்தான். நடுவுல ஒரு கோடை மழை அடிச்சுதே, காத்தோட, ஆலங்கட்டி விழுந்துதே, அன்னைக்கு அந்தப் பக்கத்து டூத்பிரஷ் காம்பு முறிஞ்சு கம்பி தரையில கிடந்துச்சு. அய்யோ போச்சேன்னு நினைச்சேன். எனக்கு மறுநாள் டியூஷன். திரும்பி வந்து பாத்தா கம்பி விறைப்பா கட்டியிருக்கு. டூத்பிரஷ்ஷுக்குப் பதிலா, அதோ தெரியுது பாருங்க, முட்டை மாதிரி ஒரு பீங்கான். பழுப்புக் கலர். சந்தனத்துகிட்ட கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும், ஐயா ஏணியில ஏறிக் கட்டச் சொன்னாரு, கட்டினேன்." எந்த ஐயாவோ! அவரு எல்லாரையும்தான் ஐயாங்கறாரு. கையில கிடைச்ச பழைய ஜாமானைக் கட்டியிருக்காங்க, நம்ம அதிர்ஷ்டம். அதுக்கப்புறம் சிக்னல் பிரமாதம். தாமஸ் அங்கிள்கூடக் கேட்டாரு, "என்ன மோளே செஞ்சே?" எல்லாம் என் கைவண்ணம்னு சொல்லிட்டேன்.

லிஃப்ட்ல தேசிகாமணி சார் என்னைப் பாத்துக் கேப்பாரு, "இன்னைக்கு எந்த ஊர், எந்த ஊர்?" பாருங்க, வயசானா புத்தி எப்படி ஆயிடுது. நான் எந்த ஊருக்கும் போகலை, டியூஷனுக்குப் போயிட்டு வரேன். சும்மா வாயில வந்ததைச் சொல்வேன், "கோட்டயம் சார்"ன்னு. "பேஷ், பேஷ்"னுவாரு. "நான் சர்வீஸ்ல இருந்தப்போ..." நம்ம மாடி வந்துரும்.

இப்படியே போயிருந்தா நல்லா இருந்திருக்கும். புனிதவதி ஆன்ட்டிக்கு மூளை வேலை செஞ்சுபோச்சு. போன மாசம் பொதுக்குழுவுல எந்திரிக்கறாங்க. "ஏனுங், நானுந்தான் பாக்கறேன், அந்தக் கொடில ஆருமே துணி போடறதில்லைங். போடவும் கூடாதுங்கறீங். அப்பறம் அது எதுக்குங் அங்க? எடுத்துப்போட்டா வடாம் காயப்போட எடமாச்சுல்லங்?"

அண்ணே, நான் போட்ட தடைதான், நான் பறிச்ச குழிதான். எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. வடாம்னா இந்தக் கட்டடத்துல கட்சி கிடையாது, எல்லாம் ஒண்ணு. எங்கம்மாவும் தூக்கினாங்கண்ணே! தூக்கலைன்னா சந்தேகம் வருமாம். தீர்மானம் பாஸ். தேசிகாமணி சார் மட்டும் "அவசரம் வேண்டாம், அவசரம் வேண்டாம், டெண்டர் கூப்பிடணும்"னு இழுத்தாரு. ஒரு கம்பி வெட்ட டெண்டர்! ரெண்டு வாரம் அப்படியே ஓட்டினாரு. சுறுசுறுப்பு அவ்வளவு. அந்தச் சோம்பேறித்தனத்தாலதான் என் ஏரியல் இதுவரைக்கும் தப்பிச்சுது. இன்னைக்கு லிஃப்ட் ரிப்பேர், அவரால மேலே வர முடியாது, கேள்வி கேக்க முடியாது. ஆன்ட்டி சமயம் பாத்து உங்களை ஏத்தி விட்டுட்டாங்க.

இப்பச் சொல்லுங்க, வெட்டுவீங்களா? நாளைக்கு வாங்கண்ணே. கட்டர் மொக்கையா இருக்குன்னு சொல்லுங்க. இல்லை, நானே ஆன்ட்டி குரல்ல உங்களைக் கூப்பிட்டு "வேண்டாங் தம்பி"ன்னு சொல்றேன், நாளைப்பின்ன கேட்டா நீங்கதானே சொன்னீங்கன்னு அடிச்சுச் சொல்லுங்க. அவங்க குழம்பிப்போய்... என்னண்ணே? ஃபேன் வேலை போயிருமா? அதுல எங்கண்ணே காசு? சிரிச்சுக்கிட்டே எந்திரிக்காதீங்க, இருங்க.

இண்டர்காம் அடிக்குது.

எடுங்க, நீங்களே எடுங்க. நான் இங்க இருக்கேன்னு தெரிய வேண்டாம். ...யாரு? சத்தமா வெச்சுக்கங்க, எனக்கும் கேக்கட்டும்.

"ஹலோ, ஹலோ. செகரெட்டரி பேசறேன். மாடியில் யாரு? கவனிங்க, கவனிங்க. நாலாவது கொடியை வெட்ட வேண்டாம். ரிப்பீட், வெட்ட வேண்டாம்."

அய்யோ! அய்யோ, அண்ணே! கேட்டீங்களா? என் தங்கச்சி! நான் ஒண்ணுமே சொல்லலை, அவளாப் புரிஞ்சுக்கிட்டாண்ணே! எப்படி அந்த 'வேண்டாம்'ல மூக்கு! பதிமூணு வயசுண்ணே! குடுங்க, குடுங்க அந்த ரிசீவரை. ஏய் ரோகிணி! போதும்டி கழுதை, நான் அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் சார் வேஷம் வெளுத்துப்போச்சு! "நான் சர்வீஸ்ல இருந்தப்போ..." எங்கே, அதைச் சொல்லு, அண்ணன் கேக்கட்டும்! ...என்னண்ணே? ஆமாண்ணே, அவளேதான், சத்தியமா. கீழே ஹால்ல உக்காந்துக்கிட்டுப் பண்றா. வேற யாரு? நீங்க பாட்டுக்கு... ஏய், சிரிக்க மாட்டேங்கறியே, பேசு.

என்ன?

...என்னது? திரும்பச் சொல்லு.

அண்ணே, இருங்க. இவ ஏதோ... "சோப்பு டப்பாவைக் கீழே விழ விடாதே, உள்ளே இருக்கிற ஃபெரைட் வளையம் தட்டினா உடையும். அந்தப் பக்கத்துப் பீங்கான் முட்டை என்னுடையது. ரிப்பீட், என்னுடையது."

அண்ணே. ரோகிணிக்கு ஃபெரைட்னா என்னன்னே தெரியாது.

அண்ணே, இது ரோகிணி இல்லை. அண்ணே, நில்லுங்க, கட்டரை... அண்ணே, இது நிஜமாவே அவருதான், நான் சொன்னது பொய், அண்ணே...

வெட்டிட்டீங்களா.

...இல்லை. உங்க மேல தப்பில்லை. நான்தானே சொன்னேன், 'சத்தியமா'ன்னு. சரி. சரி, அதைச் சுருட்டாதீங்க, அப்படியே விடுங்க.

இன்னும் லைன்ல இருக்காரு. தட்டறாரு. ரிசீவர் மேல விரலால தட்டறாரு. கேளுங்க. டக் டக், டக்கு, டக். லிஃப்ட்ல தட்டறதுண்ணே. இது மோர்ஸ், தந்தி பாஷை, என் பரீட்சையில அது வரலை. இதைத்தான் நான் ரெண்டு மாசமா அவருக்குத் திருப்பித் தட்டிக்கிட்டிருக்கேன். என்ன சொல்லியிருக்கேன்னு தெரியாமலே.

சார். சார், நான் மாதங்கி பேசறேன்... நிஜ மாதங்கிதான் சார்... இல்லை சார், இது என் குரல்தான், வேற குரல் இல்லை... ஆமாம் சார், வெட்டியாச்சு. நடுவுல. ...நான்தான் சார் வெட்ட வெச்சேன். உங்களை ரோகிணின்னு நினைச்சு... நீங்க பேசினதை நம்ப வேண்டாம்னு நானே...

அண்ணே, சிரிக்கிறாருண்ணே. இவரு சிரிச்சு நான் கேட்டதே இல்லை. எப்படி இருக்கு பாருங்க, கீச்சுன்னு இல்லை, வேற மாதிரி இருக்கு.

என்ன சார்? ...ஆமாம் சார், அஞ்சு மணிக்கு. உங்களுக்கு எப்படி... நீங்களும் கேப்பீங்களா? தினமுமா? ...சரி சார். ...சரி சார்.

அண்ணே, சொல்றாரு, "கொடியை வெட்டணும் என்பதுதான் தீர்மானம். வெட்டியாச்சு. தீர்மானம் நிறைவேறியது. வெட்டினதைத் திரும்ப முறுக்கிச் சேர்க்கக் கூடாது என்று தீர்மானத்தில் இல்லை." ரிப்பீட், இல்லையாம். ரெண்டு முனையையும் சுரண்டி முறுக்கி வைக்கணுமாம், சால்டரிங் அயர்ன் அவருகிட்ட இருக்காம், கீழே வந்து வாங்கிக்கணுமாம். புனிதவதி ஆன்ட்டி கேட்டா அவரு பாத்துக்கறாராம். அந்த ஏரியல் விதியை எழுதினதே ஆன்ட்டிதானாம், இவரு கையெழுத்து மட்டும்தானாம். கேட்டிருந்தா அனுமதி குடுத்திருப்பேன்னு...

சார், அதுக்கு நான் என்ன செய்யணும்? ...என்ன கண்டிஷன்?

...முழுசாக் கேக்கணுமா சார்? இப்பவா? மணி ரெண்டுதானே ஆகுது சார், அஞ்சு மணி வரைக்குமா?

அண்ணே, போயிடாதீங்க. மோர் சொம்பு அங்க இருக்கு, குடிச்சுக்கிட்டே கம்பி முனையை மட்டும் சுரண்டி வைங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இவரு ஆரம்பிச்சுட்டாரு. நான் ரிசீவரைக் கீழே வைக்கக் கூடாதாம், நடுவுல பால் பொங்கக் கூடாதாம்.

கேளுங்க. "நான் சர்வீஸ்ல இருந்தப்போ..." அதே இழுப்பு. அதே 'போ'.

இதுவரைக்கும்தான்ணே எனக்கு வரும். இதுக்கு மேலே எனக்குப் பண்ணத் தெரியாது.